கோடை விடுமுறையை வெட்டலாமா?

பள்ளிக்கூட விடுமுறையைப் பற்றியா தலையங்கம் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வாடகை ஏறிக்கொண்டே போகிறது, கூலி நின்ற இடத்திலேயே நிற்கிறது, இதையெல்லாம் விட்டுவிட்டு விடுமுறையா என்பார்கள். விடுமுறையில் அரசியல் இல்லை என்று நினைப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நாள் தொம்மலூர்த் தெருக்களில் நடந்து பார்க்கட்டும். நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், மத்தியானம் என்ன சாப்பிடுகிறார்கள், யாருடைய வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் வீட்டு வேலைக்குப் போகும் நம் தாய்மார்கள். "ஏப்ரல் பத்தாம் தேதியோடு பள்ளியைப் பூட்டிவிடுகிறார்கள். மே கடைசி வரைக்கும் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு நாங்கள் வேலைக்குப் போவது? வருஷம் முழுக்கப் பள்ளி நடத்தினால் என்ன குறைந்துபோகும்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆண்களில் பலர், குறிப்பாகத் திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், இதைக் கேட்டதும் கொதிக்கிறார்கள். ஊர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகள் போக வேண்டாமா, தாத்தா பாட்டியைப் பார்க்க வேண்டாமா என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்பது நம் கருத்து.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2025-26 கல்வியாண்டுக்குக் கர்நாடக அரசு அறிவித்த நாட்காட்டிப்படி மே 29 அன்று பள்ளி திறந்தது. தசரா விடுமுறை செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 7 வரை, 18 நாள். கோடை விடுமுறை 2026 ஏப்ரல் 11 முதல் மே 28 வரை, 48 நாள். முந்தைய ஆண்டும் ஏறக்குறைய இதே அமைப்புதான். தமிழ்நாட்டில் அப்படியில்லை. அங்கே காலாண்டுத் தேர்வு முடிந்து சில நாள், அரையாண்டுத் தேர்வு முடிந்து சில நாள், பொங்கலுக்குச் சில நாள் என்று விடுமுறை பிரிந்து கிடக்கிறது. பெரிய விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் பிறந்த பிறகு முடிகிறது. ஆக, இங்கே படிக்கும் நம் பிள்ளையும் ஊரில் படிக்கும் அண்ணன் பிள்ளையும் ஒரே நேரத்தில் நீண்ட நாள் வீட்டில் இருப்பது ஏப்ரல் கடைசி முதல் மே 28 வரையிலான அந்த ஒரு மாதம்தான். தசராவில் இங்கே பதினெட்டு நாள் கிடைத்தாலும் ஊருக்குப் போய்ப் பார்த்தால் அங்குள்ள பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளியில் இருப்பார்கள். பொங்கலுக்கு அங்கே கொண்டாட்டம். இங்கே சங்கராந்தி ஒரு நாள்.

வருஷம் முழுக்கப் பள்ளி என்ற யோசனை நம் தாய்மார்கள் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகப் பல இடங்களில் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். நாற்பத்தைந்து நாள் பள்ளி, பதினைந்து நாள் விடுமுறை, மறுபடி நாற்பத்தைந்து நாள் பள்ளி என்று சுற்றி வரும் முறை அதில் பெயர் பெற்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலான இடங்களில் பள்ளி நாட்களின் எண்ணிக்கை கூடவே இல்லை. ஆண்டுக்கு 180 நாள் என்றால் அதே 180 நாள்தான்; விடுமுறையைத் துண்டு துண்டாக நறுக்கிப் பரப்பினார்கள், அவ்வளவே. படிப்பு பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்று அங்குள்ள ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கதையைத் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நகரத்தின் நெரிசலான பகுதிகளில் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்களின் குழந்தைகள் ஏராளம். பள்ளிக் கட்டடங்களில் இடம் போதவில்லை. புதிய பள்ளி கட்டுவதற்குப் பதிலாக, பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்து, எந்த மாதத்திலும் இரண்டு பிரிவு பள்ளியிலும் ஒரு பிரிவு விடுமுறையிலும் இருக்கும்படி ஆண்டு முழுவதும் பள்ளியை ஓட்டினார்கள். 'கான்செப்ட் 6' என்று அதற்குப் பெயர். மற்றப் பள்ளிகளில் 180 நாள் பாடம் நடந்தபோது இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது 163 நாள். ஒரு நாளின் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். பதினேழு நாள் பாடம் போனது போனதுதான். ஏழைப் பிள்ளைகளின் பெற்றோர் சார்பில் தொடுக்கப்பட்ட வில்லியம்ஸ் வழக்கு 2004-இல் சமரசத்தில் முடிந்தபோது, இந்த முறையை 2012-க்குள் ஒழிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. வருஷம் முழுக்கப் பள்ளி என்ற நல்ல பெயரில், இடம் பெயர்ந்து வந்தவன் பிள்ளைக்கு அரைகுறைப் பள்ளியைக் கொடுத்தார்கள் என்பதே இதன் பொருள். நாளை இங்கேயும் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால், எத்தனை நாள் பாடம், எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பறை என்று முதலில் கேட்க வேண்டும்.

நம் நாட்டிலும் பேச்சு எழாமல் இல்லை. கேரளத்தின் கல்வி அமைச்சராக இருந்த சிவன்குட்டி 2025-இல், ஏப்ரல்-மே விடுமுறையை மழைக்காலமான ஜூன்-ஜூலைக்கு மாற்றலாமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார். மழைக்கு அடிக்கடி பள்ளியை மூட வேண்டியிருக்கிறது என்பது அங்குள்ள சங்கடம். கேட்டது நல்லதுதான். ஆனால் இப்படி ஒவ்வொரு மாநிலமும் தன் மழைக்கும் தன் வெயிலுக்கும் தகுந்தபடி நாட்காட்டியை நகர்த்திக்கொண்டே போனால், எல்லை தாண்டிப் பிழைக்கும் குடும்பத்தின் பிள்ளைகளும் ஊரில் இருக்கும் பிள்ளைகளும் சந்திக்கும் நாளே இல்லாமல் போகும். மாநில அரசின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பிள்ளைகளுக்குப் பத்தி கிடையாது.

இப்போது நம் விடுமுறைக்கு வருவோம். பெங்களூர் மேட்டு நிலம், குளுகுளு நகரம் என்பதெல்லாம் மரம் நிற்கும் தெருவில் இருப்பவர்களுக்கு. 2016 ஏப்ரல் 24 அன்று இந்த நகரத்தில் 39.2 டிகிரி வெயில் அடித்தது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக்கொண்டு நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஷீட் போட்ட வகுப்பறையில், கழிப்பறையில் தண்ணீர் இல்லாத பள்ளியில், ஏப்ரல் மாதம் முழுதும் பிள்ளைகளை உட்கார வைப்பது எந்தக் கல்வி? அமெரிக்காவில் விவசாய வேலைக்காகத்தான் கோடை விடுமுறை வந்தது என்று ஒரு கதை உண்டு. அதுவும் உண்மையல்ல என்கிறார்கள். நமக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. இங்கே காரணம் வெயில்.

ஆனால் வெயிலைவிடப் பெரிய காரணம் ஒன்று நமக்கு இருக்கிறது. இதை எழுதுபவன் ரயில்வேயில் பேனா பிடிப்பவன். ஜோலார்பேட்டை வழியாகவும், ஓசூர், தருமபுரி, சேலம் வழியாகவும் ஏப்ரலில் போகும் கூட்டத்தை ஆண்டுதோறும் பார்ப்பவன். முன்பதிவில்லாப் பெட்டியில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, மூட்டையும் பிள்ளையுமாகப் போகிற குடும்பம் எதற்காக அவ்வளவு பாடுபடுகிறது? ஊரில் நாலு வாரம் இருப்பதற்காக. அந்த நாலு வாரத்தில்தான் பிள்ளை சித்தி யார், அத்தை யார், பெரியப்பா வீடு எது, நம் கிணறு எது, அடகில் இருக்கும் நிலம் எது என்று தெரிந்துகொள்கிறது. அந்த நாலு வாரத்தில்தான் தமிழ் பேசுகிறது. தெருப்பெயரையும் பஸ் பலகையையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. இங்கே கன்னடத்திலோ இங்கிலீஷிலோ படிக்கிறது, படிக்கட்டும். இந்த மண்ணில் உண்டு உழைக்கிறவன் பிள்ளை கன்னடம் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தொம்மலூர் சொக்கப் பெருமாள் கோயிலில் பல நூற்றாண்டுக்கு முந்தைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்க, அதே ஊரில் வளரும் நம் பிள்ளைக்குப் பாட்டி எழுதும் கடிதத்தைப் படிக்கத் தெரியவில்லை. கல்வெட்டைப் படிப்பது புலவர் வேலை, அதை விடுங்கள். கடிதத்தைப் படிப்பது பிள்ளையின் வேலையல்லவா?

இந்த விடுமுறையை நறுக்கிப் பதினைந்து பதினைந்து நாளாகக் கொடுத்தால் என்ன ஆகும்? நாலு முறை டிக்கெட் எடுக்க வேண்டும். 2016 ஏப்ரல் 21 முதல், ஐந்து வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முன்பதிவுப் பெட்டியில் தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாம் என்றால்தான் அரைக் கட்டணம். நாலு முறை போய்வர எந்தச் சித்தாளிடம் பணம் இருக்கிறது? வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு ஆண்டுக்கு ஒரு முறை பத்து நாள் லீவு தருவதற்கே எஜமானியம்மாள் முகம் சுளிக்கிறார். நாலு முறை கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். ஆகவே கோடை விடுமுறையை வெட்டக்கூடாது, நறுக்கவும் கூடாது. இதில் நம் நிலை தெளிவு.

இதோடு முடித்துக்கொண்டால் நாமும் பாதி உண்மை பேசியவர்களாவோம். எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போவதில்லை. போகிற பிள்ளைகளும் 48 நாளும் ஊரில் இருப்பதில்லை. ஊரில் யாரும் மிஞ்சாத குடும்பங்கள் உண்டு. கடனுக்குப் பயந்து ஊர்ப்பக்கம் தலைவைக்காத குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பன்னிரண்டு வயதுப் பெண் அம்மாவோடு அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறாள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் விடுமுறை. ஆகவே அங்கே பாத்திரம் கூடுதல், துணி கூடுதல். அம்மா பாத்திரம் தேய்க்க, மகள் வீடு துடைக்கிறாள். அம்மா ஊருக்குப் போனால் மகளே பதிலாளாகப் போகிறாள். பதின்மூன்று வயதுப் பையன் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய்ச் செங்கல் எடுத்துக் கொடுக்கிறான். சனிக்கிழமை அவன் கையில் கொஞ்சம் காசு விழுகிறது. வீட்டில் அரிசி வருகிறது. மே 29 அன்று பள்ளி திறக்கும்போது, "ஒரு வாரம் கழித்துப் போகிறேன்" என்கிறான். அந்த ஒரு வாரம் முடிவதே இல்லை. பள்ளியை விட்டு நின்ற நம் பையன்களில் பலர் இந்த வாசல் வழியாகத்தான் வெளியே போனார்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. வீட்டு வேலையில் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை வைப்பது 2006 அக்டோபர் முதலே தடை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் எல்லாத் தொழிலிலும் பதினான்கு வயதுக்குட்பட்டவரை வைக்கக்கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை சிறை, இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அதே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பள்ளி நேரம் முடிந்த பிறகும், விடுமுறை நாட்களிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்கிறது. தோட்டமும் மாடும் உள்ள குடும்பத்தை நினைத்து எழுதியிருப்பார்கள் போலும். நகரத்தில் காண்டிராக்டரும் மேஸ்திரியும் அதை வேறு மாதிரி வாசிக்கிறார்கள்: "அப்பாவோடுதானே வருகிறான், விடுமுறைதானே" என்கிறார்கள். அப்பாவின் கூலி வேலை குடும்பத் தொழில் ஆகாது. கட்டடம் காண்டிராக்டருடையது, செங்கல் காண்டிராக்டருடையது, லாபம் காண்டிராக்டருடையது. பையனின் முதுகு மட்டும் நம்முடையது.

அடுத்தது சோறு. பள்ளி நாட்களில் மத்தியானம் ஒரு வேளை சூடான சாப்பாடு கிடைக்கிறது. ஏப்ரல் 11 அன்று அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். வறட்சி வட்டங்களில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்றே உத்தரவிட்டது. 2024 கோடையில் கர்நாடக அரசு வறட்சி வட்டங்களில் ஞாயிறு நீங்கலாக 41 நாள் அப்படி உணவு கொடுக்க ஏற்பாடு செய்தது. ஆக, பூட்டிய பள்ளியில் அடுப்பு எரிய முடியும், முறை தெரியும், ஆளும் உண்டு. தாலுகா வறண்டால் அரசு அறிவிக்கிறது. தாய் தகப்பன் இருவரும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விட்ட ஒற்றை அறை வீட்டின் வறட்சியை யார் அறிவிப்பது?

படிப்பு மறந்துபோவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் பாடத்தை இழக்கிறார்கள் என்று ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1996-இல் கணக்கிட்டார்கள். பால்டிமோர் நகரில் 1982-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தவர்கள், பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழையும் பணக்காரனும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறுகிறார்கள், கோடையில்தான் பணக்காரன் பிள்ளை முந்திப் போகிறது என்றார்கள். பின்னால் வந்தவர்கள் சிலர் அந்தக் கணக்கை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2020 மார்ச்சில் நோய்க்காக மூடிய பள்ளிகளில், கர்நாடகத்தில் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் 2021 அக்டோபர் 25 அன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாத விடுமுறை! இடையில், 2021 தொடக்கத்தில், கர்நாடகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 16,067 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தது. நூற்றுக்கு 92 பிள்ளைகள் மொழிப்பாடத்தில் முந்தைய ஆண்டு தெரிந்திருந்த ஏதாவது ஒரு திறனையாவது இழந்திருந்தார்கள். கணக்கில் நூற்றுக்கு 82. நாற்பத்தெட்டு நாளில் அவ்வளவு போகாது. ஆனால் தண்ணீர் ஓட்டைக் குடத்திலிருந்துதான் ஒழுகுகிறது என்பது தெரிகிறதல்லவா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கோடை முகாம், நீச்சல், ஓவியம், கம்ப்யூட்டர். நம் பிள்ளைக்குத் தெருவும் செல்போனும்.

கோடையில் கை வைக்க நினைப்பவர்கள் முதலில் மற்ற மாதங்களைப் பார்க்கட்டும். கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாளும், ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் பள்ளி நடக்க வேண்டும். 2025 தசரா விடுமுறை அக்டோபர் 7 அன்று முடிய வேண்டியது. சமூக, கல்விக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் தேவை என்று அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் மட்டும் 18-ஆம் தேதி வரை நீட்டினார்கள். கணக்கெடுப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தனியார் பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் நடந்த நாட்களில் நம் பிள்ளை ஏன் வீட்டில் இருந்தது என்று கேட்கிறோம். வகுப்புக்கு ஆசிரியர் இல்லாமல், ஆண்டுதோறும் புதிதாக வரும் அதிதி ஆசிரியருக்காகக் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். விடுமுறை விடுமுறையாகவே இருக்கட்டும். பள்ளியின் பூட்டு மட்டும் திறக்கட்டும். ஏப்ரல் 11 முதல் மே 28 வரை, ஊருக்குப் போகாத பிள்ளைகளுக்குக் காலை முதல் மத்தியானம் வரை பள்ளியில் ஒரு கூடமும், தண்ணீரும், புத்தகங்களும், ஒரு வேளைச் சோறும் வேண்டும். பாடமும் பரீட்சையும் வேண்டாம். ஆசிரியர்களின் விடுமுறையைப் பறிக்கச் சொல்லவில்லை, அவர்களும் உழைப்பவர்கள்தாம். படித்த நம் வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் ஊதியம் கொடுத்து அமர்த்தலாம். தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு தெருவுக்குத் தெரு மாலை வகுப்பு நடத்திக் காட்டியிருக்கிறது. அதே கூடத்தில் வாரம் மூன்று நாள் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க நம் சங்கத்தில் ஆள் இருக்கிறார்கள்.

இதை யாரிடம் கேட்பது? ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் எஸ்.டி.எம்.சி. என்ற குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் தாய்மார்களில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள்? கூப்பிட்டாலும் கூலி போய்விடும் என்று போகாமல் இருக்கிறோம். போக வேண்டும். மார்ச் மாதக் கூட்டத்திலேயே கூடத்தின் சாவியையும் கோடைச் சோற்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். மனுவைக் கன்னடத்தில் எழுதித் தர நம் அலுவலகத்தில் தோழர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் போதும்.

அதோடு நம் பங்குக்கும் சில உண்டு. ஊருக்குப் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள். 2024 நவம்பர் முதல் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஏப்ரல் 11 பயணத்துக்குப் பிப்ரவரி 10, மே 27 திரும்புவதற்கு மார்ச் 28. திரும்ப டிக்கெட் கிடைக்காமல் ஜூன் பாதியில் வந்து சேரும் பிள்ளை முதல் பாடங்களை இழக்கிறது. ஊரோடு போய்விட முடிவு செய்கிறவர்கள் மாற்றுச் சான்றிதழை ஏப்ரலிலேயே கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் தாமதமானாலும் அங்குள்ள அரசுப் பள்ளி சேர்க்க மறுக்கக்கூடாது என்பது சட்டம். பையனை வேலைத்தளத்துக்கு அழைத்துப் போகும் அப்பாக்களிடம் நம் தோழர்கள் நேரில் பேசுவார்கள். அப்பாவைத் திட்டுவதற்கு முன் மேஸ்திரியிடமும் பேசுவார்கள்.

மே 29 காலையில் நம் வட்டாரத்து ஒவ்வொரு பள்ளி வாசலிலும் சங்கத்தின் இரண்டு பேர் பெயர்ப் பட்டியலோடு நிற்பார்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே போவார்கள். அதற்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் சொல்லலாம்.